வன்னியில் புதுத் தேள் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கப் பாலைவன மலையொன்றில் கிடைத்த ஒரேயொரு தேளை வைத்து ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைத்தார்கள் என்ற செய்தியைப் படித்தவர்கள், "அப்போ எங்கட காட்டிலும் இருக்குமோ?" என்று கேட்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வித்தியாசமான ஒரு தேளைப் பிடிப்பதற்கும் அது புதிய இனம் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்கும் இடையில் நீண்ட வேலை கிடக்கிறது. பலரும் அந்த இடைவெளியில்தான் வழுக்குகிறார்கள்.

அந்தப் பாலைவன மலைத் தேள் எது?

கலிபோர்னியாவின் கிழக்கோரத்தில், டெத் வலி பள்ளத்தாக்குக்கு அருகே இன்யோ மலைத்தொடர் இருக்கிறது. அங்கே இரவில், தேளைப் பச்சையாக ஒளிரவைக்கும் யூ.வி. (புறஊதா) ஒளியால் தேடியபோது ஓர் ஆண் தேள் அகப்பட்டது. நீளம் 16 மில்லிமீற்றர்தான், ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் அளவு. லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் வெபர், மத்தியூ கிரஹாம், ஜெப் ஜேகர் ஆகிய மூவரும் 2012இல் அதை 'வெர்னேரியஸ் இன்யோயென்சிஸ்' என்ற பெயரில் விபரித்தார்கள். வெர்னேரியஸ் என்ற அந்தச் சாதியில் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டம்) அதற்கு முன் அறியப்பட்டவை இரண்டே இனங்கள். ஒன்று ஜோஷுவா ட்ரீ பகுதியிலும் மற்றது கொலராடோ ஆற்றங்கரையில் பார்க்கர் அணைக்கட்டின் பக்கத்திலும் உள்ளவை. கொட்டும் முள்ளுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும் இன்னொரு முள் இந்தச் சாதியின் அடையாளம். மூன்றுமே கண்ணில் படுவது அபூர்வம். பாறை வெடிப்புகளின் ஆழத்தில் வாழ்ந்து எப்போதாவதுதான் மேலே வருகின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

ஒரே ஒரு தேள் போதுமா?

சட்டப்படி போதும். விலங்குப் பெயரீட்டுக்கான சர்வதேச விதிக்கோவையின்படி, 1999க்குப் பிறகு விபரிக்கப்படும் இனத்துக்கு ஒரு மூலமாதிரியை (அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரியை) குறித்துச் சொல்லி, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்றும் எழுத வேண்டும். மாதிரி ஒன்றேயானாலும் தடையில்லை.

விஞ்ஞானப்படி பார்த்தால் அது கடைசி வழி. ஆண் மட்டும் கிடைத்தால் பெண் எப்படியிருக்கும் என்று தெரியாது. ஒரே இனத்துக்குள் நிறமும் பருமனும் எவ்வளவு மாறும் என்றும் தெரியாது. வெர்னேரியஸ் போல உறவினர் குறைந்த, அடையாளம் தெளிவான சாதியில் ஒன்றை வைத்துத் துணிந்து பேசலாம். நம் பக்கத்துச் சிறு தேள்களில் அப்படித் துணிவது ஆபத்து. நல்ல நிலையிலுள்ள முதிர்ந்த ஆண்கள் இரண்டு மூன்று, பெண்கள் இரண்டு மூன்று என்று வைத்திருந்தால்தான் நிபுணர் வாய் திறப்பார்.

வன்னியில் பாலைவனமும் இல்லை, மலையும் இல்லையே?

கேள்வி சரி. வன்னி உலர் வலயம், பாலைவனமல்ல. மழையின் பெரும்பங்கு மாரியில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். மற்ற மாதங்களில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு காய்ந்து கிடக்கும்.

பாலைவன மலைகளில் புது இனங்கள் ஏன் அகப்படுகின்றன என்பதைப் புரிந்தால் இங்கே எங்கே பார்ப்பது என்றும் தெரியும். தேள் பறக்காது, தூரம் போகாது. சூடான பள்ளத்தாக்கைக் கடக்க முடியாத தேளுக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. பிரிந்து நின்ற கூட்டங்கள் காலப்போக்கில் வேறு வேறு இனங்களாகின்றன. உயரமல்ல, பிரிவுதான் காரணம். வன்னியில் அப்படிப் பிரிந்து நிற்பவை காட்டுக்கு நடுவே எழும்பி நிற்கும் பாறைத்திட்டுகள், மன்னார்ப் பக்கத்து மணல், முருங்கன் சுற்றாடலின் கருங்களி மண்ணுக்கு நடுவே மாறி வரும் மண்வகைகள், பெருங்காட்டிலிருந்து துண்டாகிப்போன பழைய காட்டுத் துண்டுகள். களிமண் மழைக்கு ஊதிக் கோடைக்கு வெடிக்கும். மணலோ அப்படியே உதிரும். ஒன்றில் வளை தோண்டப் பழகிய தேள் மற்றதில் தாக்குப்பிடிப்பது கடினம். ஆகவே ஒரே காட்டில் பத்து நாள் அலைவதைவிட, மண் மாறும் எல்லையின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இரவு பார்ப்பது மேல்.

இலங்கையில் எத்தனை இனங்கள்? அண்மையில் ஏதாவது புதிதாக வந்ததா?

ஏறத்தாழ 20 இனங்கள் பதிவாகியிருக்கின்றன. 1982இல் பிரெஞ்சு ஆய்வாளர் மாக்ஸ் வாஷோன், ஜெனீவா அருங்காட்சியகத்தின் சேகரிப்பை வைத்து இலங்கைத் தேள்களை ஒழுங்குபடுத்தினார். 2016இல் செக் நாட்டவரான பிரான்டிசெக் கோவாரிக், பேராதனையைச் சேர்ந்த கித்சிறி ரணவன உள்ளிட்ட குழுவினர் எல்லாவற்றையும் மறுபடி ஆராய்ந்து நான்கு புதிய இனங்களை விபரித்தார்கள். நான்கும் 'சார்மஸ்', 'ரெட்டியானஸ்' என்ற இரண்டு சாதிகளுக்குள் அடங்குபவை, எல்லாமே சின்னத் தேள்கள். அவற்றில் ஒன்றுக்கு அந்நாளைய கொள்ளையன் உத்துவன்கந்தை சரதியேலின் பெயர்.

இதில் வன்னிக்காரருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. பெரியதை விட்டுச் சின்னதைப் பாருங்கள். பெரிய கறுப்புத் தேளை நூற்றாண்டுகளாக எல்லோரும் பிடித்துப் பார்த்துவிட்டார்கள். சருகுக்குள்ளும் மரப்பட்டைக்குக் கீழும் ஒளிந்திருக்கும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீள மண்ணிறத் தேளை எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

கிணறு வெட்டும்போது பெரிய கறுப்புத் தேள் வந்தது. புதிய இனமா?

இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நட்டுவாக்காலி என்றும் கொடுக்கன் என்றும் சொல்லப்படும் பெரிய கருந்தேள்கள் எல்லாம் ஒரே உறவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை. 2020இல் அந்தக் கூட்டம் முழுவதையும் மீளாய்வு செய்து பல சாதிகளாகப் பிரித்துவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய தேள்களில் ஒன்றான 'ஜைகன்டோமெட்ரஸ் சுவாமர்டாமி'யும் அதற்குள் வருகிறது. இளம் தேள் மங்கலாகவும் முதிர்ந்தது பச்சை கலந்த கறுப்பாகவும் இருக்கும். தோல் கழற்றிய புதிதில் வெளிறியிருக்கும். நிறம் மாறியதைப் பார்த்துப் "புது இனம்" என்று துள்ளுவதுதான் நாம் காணும் முதல் தவறு.

எந்த யூ.வி. ரோச் வாங்குவது?

365 நனோமீற்றர். கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395. அதிலும் தேள் ஒளிரும், ஆனால் ரோச்சிலிருந்து ஊதா வெளிச்சமும் சேர்ந்து கொட்டுவதால் சின்னத் தேளின் மங்கிய பச்சை அதில் அமிழ்ந்துவிடும். இன்யோத் தேள் அளவுள்ளதைத் தேடுகிறவர் 365க்குக் காசு செலவழிக்கத்தான் வேண்டும். 395தான் கையில் இருக்கிறதென்றால் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஊதாவை அது வெட்டும். ரோச்சை ஆளின் கண்ணில் அடிக்கக் கூடாது.

தேளின் புறத்தோலில் உள்ள சேர்வைகள்தான் ஒளிர்கின்றன. பீற்றா-கார்போலின் என்பது அவற்றில் ஒன்று. தோல் இறுகும்போதே இந்த ஒளிர்வு வருவதால் புதிதாகத் தோல் கழற்றிய தேள் ஒளிராது. செத்த தேளும் கழற்றிப்போட்ட வெறுந்தோலும் ஒளிரும், ஏமாறாதீர்கள். பாறையில் பட்டையாகப் படரும் சில லைக்கன்கள், பிளாஸ்ரிக் துண்டு, சவர்க்காரத் தூள் போட்டுத் தோய்த்த சேட்டு எல்லாம் மின்னும். சந்தேகம் வந்தால் வெள்ளை ரோச்சை ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

எப்போது, எப்படித் தேடுவது?

அமாவாசையை ஒட்டிய இரவுகள். நிலவு பளிச்சென்றிருந்தால் பல இனங்கள் வளைவாசலிலேயே நின்றுவிடும். இருட்டிய பின் முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் நல்ல நேரம். முதல் மாரிமழைக்குப் பின் வரும் மழையற்ற, காற்றில்லாத இரவு கிடைத்தால் விடாதீர்கள். கொட்டும் மழையில் போவது வீண்.

மெதுவாக நடக்க வேண்டும். 100 மீற்றருக்கு அரை மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்லை. தரையை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறவர் பாதியைத் தவறவிடுவார். மரத்தண்டில் முழங்காலிலிருந்து தலை உயரம் வரை, பாறை வெடிப்பின் உட்பக்கம், வேலிக் கதியால், பழைய கறையான் புற்று ஆகியவற்றிலும் ஒளியைச் செலுத்துங்கள். ஒன்றுமே கிடைக்காத இரவையும் குறித்து வையுங்கள்: இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஆட்கள் எத்தனை பேர். அந்த வெறுங்குறிப்புக்கும் பெறுமதி உண்டு.

வன்னிக்கே உரிய மூன்று எச்சரிக்கைகள். மிதிவெடி அகற்றி முடிந்ததென உறுதியாகாத காணிக்குள், சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்துக்குள், ஒரு அடியும் வேண்டாம். கல்லைப் புரட்டுவதும் மண்ணைக் கிளறுவதும் அங்கே தேளைவிடப் பெரிய ஆபத்து. பலகையைக் காணவில்லை என்பதே அனுமதி ஆகிவிடாது. ஊரவரையும் கிராம சேவகரையும் கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்தது யானை: குளக்கரைகளில் அந்திக்குப் பின் தனியே நிற்காதீர்கள். மூன்றாவது பாம்பு. யூ.வி. ஒளியில் புடையன் தெரியாது! காலடிக்கு வெள்ளை வெளிச்சம், தேடலுக்கு யூ.வி. என்று இரண்டு ரோச் வேண்டும், முழங்கால் வரை சப்பாத்தும் வேண்டும்.

அனுமதி வேண்டுமா? என் சொந்தக் காணிதானே?

வளவில் நின்ற தேளைப் படமெடுப்பதற்கு ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. ஆய்வுக்கென்று சேகரிப்பது வேறு. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியும், ஒதுக்குக்காடு என்றால் வனவளப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்குத் தனி அனுமதி. "ஒரு கால்தானே, தபாலில் போட்டுவிடுவோம்" என்று எண்ண வேண்டாம், அதுவும் மாதிரிதான். தனியாக விண்ணப்பிப்பதைவிட யாழ்ப்பாணம், வவுனியா அல்லது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து விண்ணப்பிப்பது நடைமுறைக்கு உகந்தது. அனுமதி இல்லாமல் பிடித்த தேளை வைத்து நல்ல சஞ்சிகை எதுவும் கட்டுரை வெளியிடாது.

பிடிப்பது எப்படி?

25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள இடுக்கி. நுனியில் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டினால் தேள் நசுங்காது. வாலின் கடைசிக் கணுவை, கொட்டும் முள்ளுக்குச் சற்றுப் பின்னால் பிடியுங்கள். மிகச் சின்னத் தேளை இடுக்கியால் பிடிக்கவே கூடாது, மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் ஒரு தூரிகையால் தள்ளிவிடலாம். வழுவழுப்பான சுவரில் தேளால் ஏற முடியாது. ஒரு டப்பாவில் ஒன்றுதான். இரண்டைப் போட்டால் காலையில் ஒன்றும் அரையும் மிஞ்சும்.

முதுகில் குஞ்சுகளோடு நிற்கும் தாயை விட்டுவிடுங்கள்.

குஞ்சுகள் தாயைத் தின்றுதான் வெளியே வருமாமே?

இல்லை. தேள் முட்டையிடாமல் குட்டி போடுகிறது. குட்டிகள் முதற்தோல் கழற்றும்வரை தாயின் முதுகில் இருந்து பிறகு இறங்கிப் போகும். செத்த தாயின்மேல் குஞ்சுகளைக் கண்ட எவரோ கட்டிவிட்ட கதையாக இருக்கலாம்.

சாராயத்தில் போட்டு வைக்கலாமா?

கூடாது. இங்கே விற்கும் சாராயத்தில் மதுசாரம் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும், தேள் உள்ளிருந்து அழுகும். போமலினும் கூடாது. உடல் இறுகிப்போகும், மரபணுவும் கெடும்.

தேவை எதனோல். உருவம் பார்ப்பதற்கு 75 சதவீதம், மரபணுவுக்கு 96 சதவீதம். 96இலிருந்து 75 செய்ய 78 மில்லிலீற்றர் எடுத்து, வடித்த நீர் சேர்த்து 100 மில்லிலீற்றர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் தேளைக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்துக் கொல்லுங்கள். பிறகு ஒரு காலைக் கழற்றி 96இல் தனிக் குப்பியில் இடுங்கள். எப்போதும் ஒரே பக்கத்து மூன்றாம் காலைக் கழற்றுவது என்று பழகிக்கொண்டால் மறுபக்கம் அளப்பதற்கு முழுதாக இருக்கும். உடலை வாலை நீட்டி, முன்பக்க இடுக்குக் கைகளை விரித்து ஒரு தட்டில் படுக்க வைத்து, 75இல் ஒரு நாள் இறுக விடுங்கள். சுருண்ட நிலையில் இறுகிய தேளைப் பிறகு நிமிர்த்தப்போனால் வால் முறியும். பெரிய தேளுக்கு எதனோல் உள்ளே போகாது, வயிற்றின் பக்கச் சவ்வில் ஊசியால் சற்று ஏற்ற வேண்டும். தேளின் கனவளவைப் போல பத்து மடங்கு திரவம் இருக்கட்டும். ஒரு நாளுக்குப் பின் ஒருமுறை, ஒரு கிழமைக்குப் பின் மறுமுறை திரவத்தை மாற்றுங்கள், ஏனெனில் உடலிலிருந்து வரும் நீர் அதை ஐதாக்கிவிடும்.

சீட்டில் என்ன எழுதுவது?

இதில்தான் பாதிச் சேகரிப்புகள் வீணாகின்றன. போத்தலுக்கு வெளியே ஒட்டிய சீட்டு எதனோல் பட்டுக் கழன்றுவிடும், போல்பொயின்ற் மை கரைந்துவிடும். தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள். நாடு, மாகாணம், மாவட்டம், அருகிலுள்ள ஊர், அந்த ஊரிலிருந்து தூரமும் திசையும், ஜி.பி.எஸ். ஆள்கூறு ஐந்து தசம இடங்களுக்கு, திகதி, நேரம், கண்ட இடம், சேகரித்தவர், சேகரிப்பு இலக்கம் எல்லாம் வேண்டும். "கண்ட இடம்" என்றால் "காடு" என்று ஒரு சொல்லல்ல: "வீரை மரத்தண்டு, நிலத்திலிருந்து 1.2 மீற்றர், தளர்ந்த பட்டைக்குக் கீழ்" என்ற மாதிரி. காலிட்ட குப்பிக்கும் அதே இலக்கம். "முல்லைத்தீவு, 2024" என்று மட்டும் எழுதிய சீட்டோடு வரும் அழகான தேளைவிட, முழுச் சீட்டோடு வரும் கால் உடைந்த தேள் பெறுமதியானது.

படம் மட்டும் போதாதா?

புது இனத்தை விபரிக்கப் போதாது, சந்தேகம் கிளப்பப் போதும். கலிபோர்னியாவில் பிரக்ரித் ஜெயின், ஹார்ப்பர் போர்ப்ஸ் என்ற இரண்டு பாடசாலை மாணவர்கள், பொதுமக்கள் ஐ-நச்சுரலிஸ்ற் தளத்தில் இட்ட படங்களில் பெயர் பொருந்தாத தேள்களைக் கவனித்தார்கள். பிறகு நேரில் போய்ச் சேகரித்து, கலிபோர்னியா விஞ்ஞானக் கழகத்தின் லோறன் எஸ்பொசிற்றோவுடன் சேர்ந்து 2022இல் இரண்டு புதிய இனங்களை விபரித்தார்கள். வறண்ட உப்பேரிகளின் ஓரத்தில் வாழ்பவை அவை. தொடக்கம் படம், முடிவு மாதிரி.

படமெடுப்பதானால் நான்கு வேண்டும்: மேலிருந்து முழு உடல், கீழிருந்து வயிற்றுப் பக்கம், பக்கவாட்டில் வால் நுனி, வெளிப்பக்கத்தில் இடுக்கு. எல்லாவற்றிலும் அளவுகோல் தெரியட்டும். கீழ்ப்பக்கப் படத்தைத்தான் எவரும் எடுப்பதில்லை, நிபுணர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

நிபுணர் எதைப் பார்ப்பார்?

வயிற்றுப் பக்கத்தில், கடைசிக் கால்களுக்குப் பின்னால் இரண்டு சீப்புகள் இருக்கும். அவற்றின் பற்களை எண்ணுவார். ஆணுக்கு எண்ணிக்கை பொதுவாகக் கூட. இடுக்குக் கையில் மெல்லிய உணர்மயிர்கள் எந்தெந்த இடத்தில் முளைத்திருக்கின்றன என்று வரைபடம் போடுவார். 1970களில் வாஷோன் ஒழுங்குபடுத்திய முறை இது. வீட்டுத்தேள், சிவப்புத்தேள் அடங்கும் புத்திடே குடும்பத்துக்கு அடிப்படை எண் ஒரு கையில் 39, கருந்தேள் வகைக்கு 48. வால் கணுக்களின் நீளம், அகலம், உயரம், வரம்புகள், முள்ளுக்குக் கீழே புடைப்பு உண்டா என்பது எல்லாம் அளக்கப்படும். யூ.வி. வெளிச்சத்தில் நுணுக்குக்காட்டியால் பார்த்தால் வரம்புகளும் மயிர்க்குழிகளும் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு மரபணு ஒப்பீடு.

கடைசியாக, பழைய மூலமாதிரிகளுடன் ஒப்பிட வேண்டும். இலங்கைத் தேள்களின் மூலமாதிரிகள் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. தாமதத்துக்குப் பெரிய காரணம் இது. பிடித்த நாளிலிருந்து பெயர் வரச் சில வருடம் ஆவது சாதாரணம்.

என் பெயரை வைக்கலாமா?

விதிக்கோவை தடுக்கவில்லை. ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதைத் துறையில் எவரும் மதிப்பதில்லை. விபரிப்பவர் விரும்பினால் கண்டெடுத்தவரின் பெயரை வைக்கலாம், ஆணென்றால் 'இ', பெண்ணென்றால் 'ஏ' என்று முடியும். இன்யோ 'இன்யோயென்சிஸ்' ஆனதுபோல ஊர்ப்பெயருக்கும் இடமுண்டு. வன்னியின் பெயரில் ஒரு தேள் வந்தால் எங்களுக்கும் சந்தோசம்தான்.

கொட்டிவிட்டால்?

சவர்க்காரமும் நீரும் போட்டுக் கழுவுங்கள். துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, மண்ணெண்ணெய் பூசுவது எதுவும் வேண்டாம். பாம்புக்கான விஷமுறிவு மருந்து தேளுக்கு வேலை செய்யாது.

வாந்தி, கொட்டுகிற வியர்வை, கைகால் சில்லிடுதல், வாயில் நீர் ஊறுதல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குதல், சிறுவரில் ஆணுறுப்பு விறைத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலை. வாகனம் இல்லாவிட்டால் 1990 அழையுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கொட்டினால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். இப்படிச் செய்யக்கூடியது சிவப்புத்தேள், 'ஹொட்டென்டோட்டா தமுலஸ்'. யாழ் குடாநாட்டில் அது இருப்பதும் ஆட்களைக் கொட்டி வைத்தியசாலைக்கு அனுப்புவதும் மருத்துவ ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. அதன் விஷத்துக்குப் பிராசொசின் மாத்திரை உதவும் என்று 1980களில் காட்டியவர்கள் மகாராஷ்டிராவின் மகாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த பவஸ்கர் தம்பதியர். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து அது, வீட்டில் தாமாகக் கொடுக்கக் கூடாது.

சிவப்புத்தேள் வன்னியில் கண்டால் யாருக்குச் சொல்வது?

புது இனம் இல்லைதான். ஆனாலும் வன்னிக் கிராமத்தில் எடுத்த சரியான பதிவு ஒன்று பத்துப் "புது இனச்" சந்தேகங்களைவிட வைத்தியருக்கு உதவும். உடல் செம்மண்ணிறம் அல்லது மஞ்சள் கலந்த சிவப்பு, இடுக்குகள் மெலிந்தவை, வால் அவற்றைவிடத் தடித்தது. இடுக்கு மெலிந்து வால் தடித்த தேள் என்றால் கவனம் என்பது பொதுவாகப் பிழைக்காத கணக்கு. படமெடுத்து, இடத்தைக் குறித்து, மாவட்ட வைத்தியசாலைக்கோ பல்கலைக்கழக விலங்கியல் பிரிவுக்கோ கொடுங்கள். விறகு, ஓடு, கிடுகு அடுக்குகளைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். காலையில் சப்பாத்தை உதறிப் போடுங்கள்.

புரட்டிய கல்லைத் திருப்பி வைக்க வேண்டுமா?

கட்டாயம், எடுத்த அதே பக்கம் கீழே வரும்படி. கல்லுக்குக் கீழ் இருக்கும் ஈரம் போய்விட்டால் அடுத்த மாரி வரை அங்கே எதுவும் குடியிருக்காது. முதலில் தேளைத் தூரிகையால் பக்கத்தில் ஒதுக்கிவிட்டுக் கல்லை வையுங்கள், அது தானாக உள்ளே போய்விடும்.